போர்வை யாருக்கு மாப்ள?

மாம்பழச்சாலையில ஒன்னப் பாத்தப்ப எனக்கு அடையாளமே தெரியல மாப்ள. குரங்குக் குல்லா, அதுக்கு மேல மப்ளரு. திருச்சியில மார்கழி விடியக்காலை 20 டிகிரி சுமாருக்கு எறங்குது, அதுக்கே இந்த வேஷமா? இமயமலைக் குளிருக்குப் பயந்த வாலாட்டிக் குருவி, இங்கதான் கதகதப்புன்னு வந்து காவேரிக் கரையில வால ஆட்டிக்கிட்டுத் திரியுது. ஒன்னப் பாத்தா, தப்பான ஊருக்கு வந்துட்டோமோன்னு பதறிப்போயிரும்.

சரி, நீ போத்திக்க. ரோஜாச் செடிக்கும் சாக்குப் போத்தியிருக்கியாமே? கைசிக ஏகாதசிக்கு நம்பெருமாளுக்கு 365 வஸ்திரம் சாத்துறாங்கன்னா அவரு ஸ்ரீரங்கத்து ராஜா, தகும். ஒன் செடிக்கு என்ன கேடு? உறைபனி விழுந்து தேயிலை கருகுறது ஊட்டியில. இங்க மூடி வச்சா ஈரம் அடைஞ்சு எலையில பூஞ்சைதான் பூக்கும். தண்ணியவும் ராத்திரியில ஊத்தாம, வெயில் வந்தப்புறம் வேருல ஊத்து.

நெசமாவே குளிர் தாங்காதது வண்ணத்துப்பூச்சிதான். வெயில்ல றெக்கைய விரிச்சு ஒடம்பு சூடானாத்தான் அதால பறக்கவே முடியும். காலையில செவத்துல அசையாம ஒட்டிக்கிட்டிருந்தா, செத்துப்போச்சுன்னு வெளக்குமாத்தால தள்ளிராத. ஓணானும் அப்படித்தான் கெழக்க பாத்து வேலியில காயும். அந்த எடத்துலயே நாற்காலியப் போட்டுப் பேப்பர் படிக்காம, நாலடி தள்ளிப் போடு.

மேலூர்ல 2015-ல தொறந்தாங்களே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, அங்க சீட்டு வாங்கிப் போயி விதவிதமா போட்டோ புடிச்ச. வீட்டுக்கு வந்து எலுமிச்சையில புழுன்னு மருந்தடிச்ச. யோவ், அந்தப் புழுதான்யா அந்தப் பூச்சி! சின்னதுல குருவி எச்சம் கணக்கா இருக்கும், வளந்தா பச்சையாயிரும். கறிவேப்பிலையிலயும் இருக்கும். ரசத்துக்கு நாலு கொத்து கொறஞ்சா குடியா முழுகிரும்? வேலியோரம் எருக்கு மொளச்சாலும் புடுங்காத. வெந்தய வரியன் அதுலதான் முட்ட வைக்கும்.

இதையெல்லாம் கூட மன்னிச்சிரலாம். போகிக்கு முந்தி 'கிளீன்' பண்றேன்னு சருகக் கூட்டிக் கொளுத்துவ பாரு, அதுதான் பெரிய அநியாயம். கூட்டுப்புழு, அரணை, தேரை எல்லாம் அதுக்குள்ளதான் ஒண்டிக் கெடக்கு. மார்கழிப் பனிக்குத் தப்புனது ஒன் தீப்பெட்டிக்குத் தப்பாது. வாழைச் சருகையும் மொட்டையா உரிக்காத. சின்ன வௌவாலு சிலது பகல்ல அதுலதான் தூங்கும். குப்பையாத் தெரிஞ்சா, மரத்தடியில ஒதுக்கித் தள்ளிட்டுப் போய்ப் படு. மார்கழித் தோட்டத்துக்குச் சும்மா கெடக்குற ஆளுதான் லாயக்கு.

வாசலக் கூட்டலையான்னு ஒங்க அத்தை கேக்குறப்பல்லாம் நானும் இந்தக் காரணத்தைத்தான் சொல்றேன். அவ இன்னும் நம்பல. நீ புதுசாக் கல்யாணம் ஆனவன், ஒன் பேச்சு எடுபட்டாலும் படும். எடுபட்டா அப்படியே அத்தைகிட்டயும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ.