அணைத்த பிறகும் எரியும் பச்சை விளக்கு

புசா ரோட்டின் நடுவே மெட்ரோ தூண்கள் எழுவதற்கு முந்தைய காலம். கரோல் பாகையும் ராஜேந்திரா பிளேஸையும் தொட்டபடி அந்த ரயில் ஓடத் தொடங்கியது 2005 டிசம்பர் 31 அன்றுதான். அதற்குப் பல வருஷம் முன்பு, சாலையை ஒட்டிய ஒரு மாடியில் டி.டி.பி. வேலை பார்த்தேன். தில்லித் தமிழர்களின் கல்யாணப் பத்திரிகைகள், விழா மலர்கள், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் (டி.டி.இ.ஏ.) பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கொண்டுவரும் அழைப்பிதழ்கள் எல்லாம் அங்கே வரும்.

எங்களிடம் இருந்தவை 486 ஒன்றும் பென்டியம் ஒன்றும். மெமரி எம்பியில் எண்ணப்பட்ட நாட்கள் அவை. விண்டோஸ் 95 ஓட 4 எம்பி போதும் என்று பெட்டியில் போட்டிருக்கும். பேஜ்மேக்கரில் நாலு புகைப்படம் வைத்த மலர் ஒன்றைத் திறந்தாலே அந்தக் கணக்கு பொய்த்துவிடும். புது மெமரி வாங்கக் கைவசம் காசு இருக்காது. அதனால் பெரிய வேலை வந்த மாலைகளில் ஒரு பெட்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் போடுவோம். 72 பின் சிம் (SIMM) மெமரித் துண்டைச் சாய்வாகச் செருகி, நிமிர்த்தினால் இரு பக்கக் கொக்கிகளும் வந்து பிடித்துக்கொள்ளும். பென்டியத்தில் ஒற்றைத் துண்டு வேலைக்கு ஆகாது, ஜோடியாகத்தான் போட வேண்டும். பிராசஸர் கேட்பது 64 பிட், ஒரு சிம் தருவதோ 32 பிட்தான்.

அந்தப் பெட்டிகளில் எனக்குப் பிடித்தது முன்பக்கத்துச் சுவிட்சு. பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தடித்த ஒயர் நேராக அதற்கு வரும்; வீட்டு மின்சாரமே அதன் வழியாக ஓடும். அழுத்தினால் டக்கென்று மொத்தமும் செத்துவிடும். அணைத்தேன் என்றால் அணைத்ததுதான்.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த பெட்டிகளில் முன்பக்கப் பொத்தான் மதர்போர்டிடம் ஒரு சைகை சொல்லும், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் நின்றாலும் 5 வோல்ட் ஒன்று போர்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும். தூங்க வைத்த கம்ப்யூட்டர் என்றால் மெமரிக்கும் மின்சாரம் உண்டு. அந்த நிலையில் துண்டை உருவினால் துண்டும் போகலாம், ஸ்லாட்டும் போகலாம். தொழில் இவ்வளவு வளர்ந்த பிறகு, ஒரு பெட்டியை அணைப்பது முன்னைவிடக் கடினமான காரியமாகிவிட்டது. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இந்தக் குளிர்காலத்தில் மாடிவீட்டுப் பையன் தன் பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதனால் அவனுடைய உறவினர் அலுவலகத்தில் அதே வயதுப் பெட்டி ஒன்றைக் கழித்துவிட்டிருந்தார்கள். அதன் மெமரியை இதில் போட வேண்டும். புதிதாக வாங்கலாமே என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, விலை ஏறிவிட்டது. பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. 1999 செப்டம்பரில் தைவான் நிலநடுக்கத்துக்குப் பிறகு விலை எகிறியதைப் பார்த்தவன் நான். நடுவில் பல வருஷம் மெமரி மேஜை டிராயரில் கேட்பாரற்றுக் கிடந்தது. இப்போது 8 ஜிபி துண்டை, அதாவது அன்றைய 4 எம்பி துண்டுகள் 2048 சேர்ந்த அளவை, மறுபடியும் பத்திரமாகப் பொத்திக் கொண்டுவருகிறார்கள்.

“ஆஃப் பண்ணிட்டேன் மாமா, எடுத்துடலாமா?”

“போர்டுல என்ன எரியுது பாரு.”

“பச்சை லைட்டு… ஆஃப்தானே பண்ணினேன்!”

பவர் கார்டை உருவச் சொன்னேன். உருவிய பிறகும் விளக்கு எரிந்தது. முன்பக்கப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஃபேன் லேசாக ஒரு தடவை அசைந்தது, பச்சை மங்கி அணைந்தது. கப்பாசிட்டரில் மிச்சமிருந்ததும் போயிற்று.

கார்டு செருகியே இருக்கட்டும், எர்த் கிடைக்கும் என்பவர்கள் உண்டு. எர்த் ஒழுங்காக இருக்கும் வீட்டில், சுவர் சுவிட்சை அணைத்திருந்தால், அது சரி. பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை பெயருக்கு இருக்கும்; பின்னால் ஒயரே இருக்காது. அங்கே கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று கையில் ஏறும். அதனால் நான் கார்டை உருவு என்றுதான் சொல்வேன்.

அடுத்தது ஸ்வெட்டர். சென்னைக்காரர்களுக்கு இது புரியாது. அங்கே காற்றின் ஈரம் காப்பாற்றிவிடும். இங்கே ஹீட்டர் போட்ட அறையில் கம்பளியைக் கழற்றினால் சடசடவென்று பொறி பறக்கும். பொறி தட்டியதைக் கை உணர்கிறது என்றால் சுமார் 3000 வோல்ட் சேர்ந்திருக்கிறது என்று பொருள். சிப் கெட அதில் ஒரு சிறு பங்கே போதும். நமக்குத் தெரியவே தெரியாது. கெட்டதும் உடனே காட்டிக்கொடுக்காது, மாதங்கள் கழித்துக் காரணமில்லாமல் கம்ப்யூட்டர் தொங்கும். பையன் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தான். கேபினெட்டில் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டான். நம் உடம்பும் போர்டும் ஒரே நிலைக்கு வர அதுவே வழி. துண்டை ஓரங்களில் மட்டும் பிடித்தான், தங்க நிறப் பட்டைகளில் விரல் படவில்லை.

பெட்டியில் ஏற்கெனவே இருந்த துண்டும் கூடப் போடும் துண்டும் ஒரே தலைமுறையா என்று ஒட்டியிருந்த லேபிளைப் படித்தோம். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின். ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், வோல்ட்டும் வேறு. 1.8, 1.5, 1.2, 1.1 என்று படிப்படியாக இறங்கி வந்திருக்கிறது. போகவில்லை என்றால் அது போகக்கூடாத துண்டு. அழுத்திப் போட்டு ஸ்லாட்டை உடைத்த பெட்டிகள் ரிப்பேர் கடைகளுக்கு இன்னமும் வருகின்றன.

எங்களுடையவை இரண்டும் டிடிஆர்4. வெட்டைப் பார்த்து நேராக வைத்து, இரு முனைகளிலும் கட்டை விரலால் சமமாக அழுத்தினான். க்ளிப் டிக்கென்று தானே மூடிக்கொண்டது. வேகம் வேறு என்றால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும், அதில் கெடுதல் இல்லை. பட்டையை எரேசரால் தேய்க்கும் பழக்கத்தை அவன் எங்கிருந்தோ கற்றிருந்தான். தங்கப் பூச்சு மிக மெல்லியது, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும் என்றேன்.

திரையில் 16 ஜிபி வந்தது. காலேஜ் பிராஜெக்டைத் திறக்கப் போனான், தடுத்தேன். கெட்ட மெமரி பிழை என்று சொல்லாமலே ஃபைலுக்குள் தப்பான எழுத்தைப் போட்டுவிடும். ஒரு ராத்திரி முழுக்க மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும், ஒரே ஒரு பிழை வந்தாலும் எந்தத் துண்டு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார், அதுவரை பிராஜெக்டைப் பென்டிரைவில் வை என்று சொல்லி அனுப்பினேன்.