லைன்மேன் ஃபோன் எடுப்பாரா?

இன்டர்நெட் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் ஒரே குடும்பம்தான் வருகிறது. அப்பா கிரிக்கெட் பார்ப்பார், அம்மா சமையல் வீடியோ பார்ப்பார், பிள்ளை கேம் ஆடும், தாத்தா எதையோ பார்த்துவிட்டுப் பல் தெரியச் சிரிப்பார். நால்வரும் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவரும் எதையும் வெளியே கொடுப்பதில்லை.

தாம்பரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் சங்கதி தலைகீழ். பரணுக்குக் கீழே, திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று இரவும் பகலும் ஓடுகிறது. அதுதான் எங்கள் சர்வர். குடும்பப் போட்டோக்கள் எல்லாம் இம்மிச் என்ற மென்பொருளில் இருக்கின்றன. அப்பா கேசட்டில் சேர்த்துவைத்த நாதஸ்வரக் கச்சேரிகள் ஜெல்லிஃபினில் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா தன் ஃபோனைத் தொட்டால், கச்சேரி இங்கிருந்து கிளம்பிப் போக வேண்டும். "வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா?" என்று என் மனைவி கேட்டார். அந்தக் கேள்வி பரிசீலனையில் இருக்கிறது.

கரண்ட் பில் எகிறிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். 15 வாட் இழுக்கும் லேப்டாப் இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடினாலும் 22 யூனிட்டைத் தாண்டாது. அதனால் பில்லில் பிரச்சினை இல்லை. எந்தக் கம்பெனியின் இணைப்பை வாங்குவது என்பதில்தான் எல்லாப் பிரச்சினையும்.

விசாரித்துப் பாருங்கள், தெரியும்.

"அப்லோடு ஸ்பீடு எவ்வளவுங்க?"

"எல்லாமே அன்லிமிடெட் சார்."

"பப்ளிக் ஐபி கிடைக்குமா?"

"ஓடிடி எல்லாம் ஃப்ரீயா வருது சார்."

"ஐபி கேட்டேன்…"

"இன்ஸ்டாலேஷனும் ஃப்ரீ சார்."

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவருக்குக் கொடுத்த தாளில் இருப்பதைத்தான் அவர் படிக்கிறார். அன்லிமிடெட் என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் மாதம் 3,300 ஜிபி என்று ஒரு லிமிட் இருப்பதும் அதே தாளில்தான். அப்லோடு பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது. வீடுகளுக்கு வரும் ஜிபான் ஃபைபரின் பிறவிக் குணமே அப்படி. கீழே இறங்க விநாடிக்கு ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், மேலே ஏற அதில் பாதி. அதையும் 32 அல்லது 64 வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆனாலும் இறங்க 100, ஏற 100 என்று சமமாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாயைத் திறந்து கேட்டால்தான் சொல்வார்கள்.

அடுத்தது முகவரி. ஐபிவி4 எண்கள் உலகத்துக்கே மொத்தம் சுமார் 429 கோடிதான். அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் தலைமைக் களஞ்சியம் 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் கம்பெனிகள் நம்மையெல்லாம் ஒண்டுக்குடித்தனம் வைத்துவிட்டன. பல நூறு வீடுகளுக்கு ஒரே கதவு எண். உள்ளே இருப்பவர் வெளியே போய்வரலாம், யாரும் தடுப்பதில்லை. வெளியிலிருந்து அக்கா வந்து கூப்பிட்டால், எந்தப் போர்ஷன் என்று வாசலில் இருப்பவருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் சிஜிநாட். உங்கள் வீட்டிலும் இதுதானா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டருக்குள் நுழைந்து வான் ஐபி என்ற இடத்தைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் குடித்தனக்காரர்தான். 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிவைத்த எண்கள் அவை. ரவுட்டருக்குள் நுழைவதற்கான பாஸ்வேர்டு கம்பெனியிடம் இருக்கும், அது வேறு கதை.

தனிக் கதவு எண் வேண்டுமென்றால் ஸ்டாட்டிக் ஐபி என்று கேட்க வேண்டும். கேட்டவுடன் எதிர்முனையில் குரல் மாறும். "பிசினஸ் பண்றீங்களா சார்?" நாதஸ்வரக் கச்சேரி என்று சொன்னால் நம்புவதில்லை. மாத வாடகை தனி, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஐபிவி6 வந்து இந்தத் தட்டுப்பாட்டைத் தீர்க்கும் என்பார்கள். உண்மைதான். அது அதிகம் புழங்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் அக்கா தங்கும் ஹோட்டல் வைஃபைக்கும் அது தெரிந்திருக்க வேண்டுமே. இதையெல்லாம் பார்த்துவிட்டு நான் டெயில்ஸ்கேல் பக்கம் போய்விட்டேன். சர்வரும் ஃபோனும் ஆளுக்கொரு பக்கம் வெளியே வந்து, நடுவில் ரகசியமாகச் சந்தித்துக்கொள்ளும் ஏற்பாடு. தனி எண் தேவையில்லை. வீட்டுக்காரர்கள் மட்டும் பயன்படுத்தும் சர்வருக்கு இதுவே தாராளம். ஊருக்கே திறந்துவைக்கும் வெப்சைட் என்றால் கிளவுட்ஃப்ளேர் டனல் இருக்கிறது.

இத்தனையும் சரியாக அமைந்த பிறகும் இணைப்பு நிற்குமா என்ற கேள்வி நிற்கிறது. '99 சதவீத அப்டைம்' என்று ஒரு கம்பெனியின் நோட்டீஸ் பெருமையடித்தது. பள்ளிக்கூடத்தில் 99 வாங்கினால் தெருவுக்கே லட்டு கொடுக்கலாம். சர்வர் கணக்கில், வருஷத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் படுத்த படுக்கை. அந்த மூன்றரை நாளும் அக்கா போட்டோ பார்க்க உட்காரும் நாளாகவே அமையும்.

"ரெண்டு கம்பெனில ஒவ்வொண்ணு வாங்கிப் போடுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு" என்றார் எதிர்வீட்டு சார். நல்ல யோசனைதான். வாங்குவதற்கு முன் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். இரண்டு கம்பெனிக் கம்பிகளும் ஒரே கம்பத்திலிருந்து புறப்பட்டு, மூன்றாவது வீட்டு முருங்கை மரத்தில் ஒரே கிளையில் சுற்றி, ஒரே துணிக்கொடியில் ஓய்வெடுத்து வந்துகொண்டிருந்தன. கிளையில் ஓர் அணில், எந்தக் கம்பெனியை முதலில் கடிப்பது என்ற யோசனையில் இருந்தது. கீழே விசாரித்ததில் இரண்டுக்கும் லைன் பார்ப்பவரும் ஒரே ஆள். போட்டியெல்லாம் விளம்பரத்தில்தான், முருங்கை மரத்தில் எல்லாரும் ஒற்றுமை. இரண்டாவது இணைப்பு வேண்டுமானால் வேறு கம்பத்திலிருந்து வரவேண்டும், இல்லையென்றால் சிம் போட்ட மோடமாக இருக்க வேண்டும்.

மின்தடை விஷயத்தில் இன்னொரு சூட்சுமம் உண்டு. நம் வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் வாங்கிப் போட்டுவிடலாம். லேப்டாப்புக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. தெருவில்? ஜிபான் இணைப்பில் தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடிச் சமாச்சாரம், அதற்குக் கரண்டே வேண்டாம். பழைய முறையில் தெருமுனைப் பெட்டிக்குள் ஸ்விட்ச் வைத்து இழுத்திருந்தால், பராமரிப்பு மின்தடை அன்று பெட்டியும் சேர்ந்து தூங்கும். நம் யுபிஎஸ் மட்டும் கண் விழித்து என்ன பிரயோஜனம்? "தெருவுல கரண்ட் போனா லைன் நிக்குமா?" என்ற ஒரு கேள்வி, ஸ்பீடு பற்றிய பத்துக் கேள்விகளுக்குச் சமம்.

இந்தக் கேள்விக்குக் கால் சென்டரில் பதில் கிடைக்காது. அங்கே எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." பதில் தெரிந்தவர் லைன்மேன் தம்பிதான். மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொன்னதுமே, "மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுறாங்க சார், நேத்தே நெனச்சேன்" என்பார். பவர் மீட்டரைச் செருகி, "மைனஸ் இருபத்தொம்போது சார், வெளிச்சமே வரல" என்பார். மைனஸ் 27 வரை மோடம் தாக்குப்பிடிக்கும், இருபதை ஒட்டி இருந்தால் பிரமாதம் என்பதெல்லாம் எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். கம்பெனியின் ஆப்பில் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று காட்டிய நேரத்தில், அவர் ஏணியில் நின்று அதைத் தீர்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே தேர்வு செய்ய வேண்டியது அவரைத்தான். தெருவில் நாலு வீட்டில் கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை எந்த லைன்மேன் ஃபோன் எடுக்கிறார் என்று. அவர் எந்தக் கம்பெனியோ அதை வாங்குங்கள். அப்லோடு வேகத்தையும் ஸ்டாட்டிக் ஐபி விலையையும் மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்பார்கள், மயங்காதீர்கள். செப்டம்பரில் இணைப்பு வாங்கி, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை மாதாமாதம் கட்டுங்கள். வருஷக் கணக்கை ஜனவரியில் பேசிக்கொள்ளலாம்.