பாட்டியின் பாட்டி: நாய்ப் பதிவியல் குறித்துச் சில துணிபுகள்

நாய் என்பது யாது என்ற வினாவை இக்கட்டுரை எழுப்பாது. இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் இறங்கி நடப்பவருக்கு அது தானே விளங்கும். பதிவு செய்யப்பட்ட நாய் என்பது யாது என்பதே நம் ஆய்வுப்பொருள். இதை ஆராய எனக்குள்ள தகுதிகள் இரண்டு: கோவில்பட்டி மைத்துனர் என் தலையில் கட்டிய ஒரு சிப்பிப்பாறை நாய், அதற்குப் 'பேப்பர்', அதாவது வம்சாவளிச் சான்றிதழ், வாங்க நான் நிரப்பிய படிவங்கள்.

முதற்கண் சொல்லாராய்ச்சி. நாய்களைப் பதியும் அமைப்புக்குக் கென்னல் கிளப் என்று பெயர். அதிலுள்ள 'கென்னல்' என்பது தூய தமிழ்ச்சொல்லே. கரிசல் சீமையில் கறுப்பு உடம்பும் செம்பழுப்புக் காலும் கொண்ட வேட்டைநாய்க்குக் கன்னி என்று பெயர். கன்னி வாழும் இல் கன்னில். அது கப்பலேறி லண்டன் குளிரில் வாய் கோணிக் கென்னல் ஆயிற்று. லத்தீனில் நாயைக் குறிக்கும் 'கானிஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது என்று அகராதிகள் ஒருமுகமாகச் சொல்கின்றன. அகராதிகளுக்கு ஆதாரம் இருக்கிறது என்பதைத் தவிர அவற்றின் தரப்பில் வேறு வலு இல்லை.

இனி இலக்கணம். தொல்காப்பிய மரபியலின்படி நாய்க்குட்டிக்குப் பெயர் குருளை. பெண்நாய்க்குப் பெயர் பாட்டி. கென்னல் கிளப்காரர்கள் வம்சாவளிக் காகிதத்தில் தகப்பன் நாயை 'சயர்' என்றும் தாய்நாயை 'டேம்' என்றும் எழுதுவார்கள். அந்தக் காகிதத்தை மரபு வழுவாமல் தமிழாக்கினால் தாயும் பாட்டி, பாட்டியும் பாட்டி, பாட்டியின் தாயும் பாட்டி. மூன்று தலைமுறைக்கு முன்னோர் பதினான்கு பேர். அவர்களில் ஏழு பேர் பாட்டிகள். தமிழில் இதுவரை எவரும் இந்தப் படிவத்தை அச்சடிக்கத் துணியாததற்கு இதுவே காரணம் என்று துணியலாம்.

வரலாற்றுக்கு வருவோம். 1859இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஒரு நாய்க்கண்காட்சி நடந்தது. பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டைநாய் வகைகளுக்குத்தான் போட்டி, பரிசு துப்பாக்கி. பாயின்டருக்கு நடுவராக இருந்தவரின் நாய் செட்டர் பிரிவில் வென்றது. செட்டருக்கு நடுவராக இருந்தவரின் நாய் பாயின்டர் பிரிவில் வென்றது. நம்மூரில் இதற்கு மொய் என்று பெயர். ஆங்கிலேயர் அப்போது அதை நோட்டில் எழுதிவைக்கவில்லை, அவ்வளவே. எழுதும் வேலைக்கு 1873இல் ஆள் வந்தது. செவாலிஸ் ஷெர்லி என்ற கனவானும் நண்பர்களும் லண்டனில் கூடிக் கென்னல் கிளப்பை நிறுவினார்கள். அவர்கள் அடுத்து வெளியிட்ட வம்சாவளிப் புத்தகத்தில் 4,027 நாய்கள் இடம்பெற்றன.

புத்தகம் போட்ட பிறகுதான் சிக்கல் புரிந்தது. பல நாய்களுக்கு ஸ்பாட், பாப், ஜெட் என்று ஒரே பெயர். எந்த பாப் எந்த பாபுக்குப் பிறந்தது? ஆகவே 1880இல் பதிவுமுறை கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் பதிவு என்றால் பெயரைப் பிடித்துவைப்பது மட்டும்தான். வம்சாவளிக்கு அதில் பெரிய இடமில்லை. உலகெங்கும் பரவிய இந்த மாபெரும் ஏற்பாடு பெயர்க்குழப்பத்தில் பிறந்தது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். என் நாயின் பெயர் மணி.

நம் நாட்டில் இந்தப் பணியைச் செய்யும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. தாய், தகப்பன் இரண்டும் பதிவானவையாக இருந்தால் வேலை எளிது. குட்டி போட்ட வீட்டுக்காரர் மொத்த ஈற்றையும் பதிந்துவிடுவார். தோளெலும்புகளுக்கு நடுவே அரிசிமணி அளவில் மைக்ரோசிப் ஒன்று ஏறும். அதில் பதினைந்து இலக்க எண் இருக்கும். என் செல்பேசி எண்ணைவிட ஐந்து இலக்கம் அதிகம்.

பக்கத்துவீட்டு லாப்ரடாருக்கு இப்படிப்பட்ட முழுப் பேப்பர் உண்டு. பதினான்கு கட்டமும் நிரம்பி வழியும். அதைப் பார்த்த அன்றிரவு நானும் ஒரு தாளில் பதினான்கு கட்டம் போட்டு என் முன்னோரை எழுத உட்கார்ந்தேன். ஒன்பதோடு நின்றது. கொள்ளுப்பாட்டிகளில் பலர் பெயர் தெரியவில்லை. அம்மாவைத் தாய்மாமனுக்கே கொடுத்த வீடு என்பதால் ஒரே தாத்தா ஒரு பக்கம் தாத்தாவாகவும் மறுபக்கம் கொள்ளுத்தாத்தாவாகவும் வந்து இரண்டு கட்டத்தை அடைத்துக்கொண்டார். நாயின் பேப்பரில் ஒரே பெயர் இப்படி இருமுறை வந்தால் விவரமறிந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டார்கள்.

மணியின் கதை வேறு. அதன் பெற்றோர் பதிவாகாதவர்கள். வம்சம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல. மைத்துனர் வாய்வழியாகவே சொல்வார்: "அத்தான், இது வாத்தியார் வீட்டுப் பில்லையோட பேத்தி வயித்துப் பிள்ளை. அந்தப் பில்லை, எட்டயபுரம் ரோட்டுக் கிடைக்குக் காவல் கிடந்த சாம்பலுக்குப் பொறந்தது. அந்தச் சாம்பலோட ஆத்தா ஒத்தையில மொயல் பிடிக்கும்." ஐந்து தலைமுறையும் நிறமும் தொழிலும் முகவரியும் மூச்சுவிடாமல் வந்துவிழுந்தன. பில்லை என்பது அந்த ஊரார் வெளிர்பழுப்பு நாய்க்கு வைத்த பெயர். படிவத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை. 'முயல் பிடித்த ஆத்தா' என்று ஒரு கட்டம் எந்த நாட்டுக் கென்னல் கிளப்பிலும் இல்லாதது இத்துறையின் பெருங்குறை.

இப்படிப்பட்ட நாயை இனமறிந்த நடுவர் கண்ணால் பார்த்து, இன்ன இனம்தான் என்று சொன்னால் பதியலாம். அதை நான் பெண்பார்க்கும் படலம் என்றே வகைப்படுத்துகிறேன். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள், நாற்பத்திரண்டு இருக்கவேண்டும். நடக்கச் சொன்னார்கள். திரும்பி நடக்கச் சொன்னார்கள். ஆண் என்பதால், பெண்பார்க்கப் போன இடத்தில் எவரும் மாப்பிள்ளையிடம் பார்த்திராத ஒன்றையும் கைவைத்து உறுதிசெய்தார்கள். மணி தேறியது. பேப்பரில் பதினான்கு கட்டமும் காலி. ஆனால் நாளை அதன் கொள்ளுப்பேரன்களின் பேப்பரில் ஓரத்துக் கட்டத்தில் அதுதான் குலமுதல்வன்.

நாட்டுநாய் இனங்களுக்கு அரசு மரியாதையும் குறைவில்லை என்பதை இடைப்பிறவரலாகக் குறிக்கவேண்டும். சைதாப்பேட்டையில் அரசே நாட்டுநாய் இனப்பெருக்கப் பிரிவு நடத்தியது. 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. நாய் மனிதனை நக்குவதே உலக வழக்கு. அவ்வாண்டு கடிதம் எழுதிய தமிழர் பலர் நாயின் முதுகுப்பக்கத்தை நக்கி ஒட்டினார்கள். வெள்ளை நிறத்தையே விரும்பிப் பெருக்கியதால் ராஜபாளையத்தில் காதுகேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. அழகுக்கென்று நாம் எழுதும் விதியின் விலையை நாய்தான் கொடுக்கிறது. இதில் எனக்கு நகைச்சுவை ஏதும் தோன்றவில்லை, மேலே செல்வோம்.

எஞ்சியது பெயர். 'மணி' என்று மட்டும் எழுதினால் 1880க்கு முந்தைய குழப்பத்தைத் தமிழ்நாட்டில் மறுபடி தொடங்கிவைத்த பழி எனக்கு வரும். ஆகவே மைத்துனரும் நானும் ஒரு மாலை முழுக்க யோசித்து 'வைப்பாற்றங்கரையின் வெண்கலமணி' என்று எழுதினோம். பேப்பர் வந்த அன்று களஆய்வு. வாசலில் நின்று பதிவுப்பெயரை ஐந்துமுறை, ஏற்ற இறக்கத்துடன், உரக்கச் சொன்னேன். நாய் வாலைக்கூட அசைக்கவில்லை. பிறகு "மணி" என்று ஒருமுறை கூப்பிட்டேன். என் நாய் வந்தது. தெருமுனையிலிருந்து இன்னும் இரண்டு நாய்கள் வந்தன. எதிர்வீட்டில் வயரிங் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனும், "கூப்பிட்டீங்களா சார்?" என்று இறங்கிவந்தார். வந்ததற்கு மாடி ஃபேனைச் சரிசெய்துவிட்டுப் போனார்.