குருவிக் கிண்ணமும் கோடி ரூபாயும்

வாசகி, அட்டுவம்பட்டி: எங்கள் தாத்தா கொடைக்கானலில் ஒரு பங்களாவில் சமையல்காரர். துரை சீமைக்குக் கிளம்பும்போது கொடுத்த சீனப் பீங்கான் கிண்ணம் வீட்டில் இருக்கிறது. குருவியும் பூவும் போட்டது. அடியில் சிவப்பில் சீன எழுத்து. கோடி பெறுமா?

துரை அதைத் தன் பெட்டியில் வைக்காமல் போனாரே, அதுதான் முதல் துப்பு!

உங்கள் ஆசைக்கும் காரணம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஹாங்காங்கில் சோத்பி ஏலத்தில், தகைவிலான் குருவிகளும் பூத்த ஆப்ரிகாட் மரமும் வரைந்த ஒரு கிண்ணம் 19.8 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. நம் பணத்தில் 200 கோடிக்கு மேல். அகலம் அரைச் சாண்தான். சியென்லாங் பேரரசர் காலத்துச் சரக்கு, அதாவது 18-ம் நூற்றாண்டு.

உங்கள் கிண்ணத்தின் அடியிலும் அதே பேரரசர் பெயர் இருக்கலாம். மயங்க வேண்டாம். ஊருக்கு ஊர் 'திருநெல்வேலி அல்வா' போர்டு தொங்குகிற மாதிரி, பின்னால் வந்த குயவர்கள் பழைய ராஜாக்களின் முத்திரையைத் தாராளமாகப் போட்டார்கள். முத்திரையை விட்டுவிட்டுப் படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குருவியின் சிறகு குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சடித்து ஒட்டியது. தூரிகை இழுத்த தடம் தெரிந்து, விரலால் தடவும்போது வண்ணம் லேசாகத் தட்டுப்பட்டால், கையால் வரைந்தது. அடியில் ஆங்கிலத்தில் 'சைனா' என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டுமென்று அமெரிக்கா சட்டம் போட்ட பிறகு வந்த பழக்கம் அது.

வாசகர், பெரியகுளம்: சீனாக்காரர்களுக்குப் பறவையையும் பூவையும் விட்டால் வரைய வேறொன்றும் கிடைக்கவில்லையா?

காஞ்சிபுரத்தில் முந்தானைக்கு மயில் நெய்கிறவரிடம் இதைக் கேட்டுவிட்டு உயிரோடு திரும்பி வாருங்கள், பேசலாம். சீனாவில் ஒவ்வொரு ஜோடிக்கும் அர்த்தம் உண்டு. தாமரைக் குளத்தில் இரண்டு வாத்து என்றால் பிரியாத தம்பதி. பீனிக்ஸும் பியோனிப் பூவும் சேர்ந்தால் செல்வமும் சிறப்பும். பீனிக்ஸை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். பாலையும் தண்ணீரையும் பிரிக்கிற அன்னத்தை நாம் பார்த்தோமா?

வாசகி, காரைக்குடி: வெள்ளைக்காரன் வந்த பிறகுதானே நமக்குச் சீனப் பீங்கான் தெரியும்?

அவன் வருவதற்கு முன்பே நாம் வாங்கி, உடைத்து, குப்பையிலும் போட்டுவிட்டோம். 1987-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் தோண்டியபோது 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் கிடைத்தன. கங்கைகொண்ட சோழபுரத்திலும் சீனச் சில்லுகள் உண்டு. போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. என்னைக் கேட்டால் ஏலக் கிண்ணத்தைவிட அந்தச் சில்லுகள்தான் நம்பகமானவை. உடைந்த சில்லுக்குப் போலி முத்திரை போட்டு மண்ணுக்குள் புதைக்க அன்றைக்கு யாருக்கும் அவசியமில்லை.

வாசகர், வத்தலக்குண்டு: இப்படி ஒரு கிண்ணம் கிடைத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாமா?

1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. நூறு வருடம் தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆக, நூறு வயது ஆகாவிட்டால் விலை கிடையாது. ஆகிவிட்டால் பாஸ்போர்ட் கிடையாது.

வாசகி, திண்டுக்கல்: விற்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். அதில் ரசம் ஊற்றிக் குடிக்கலாமா?

உள்பக்கம் வண்ணப் படம் இருந்தால் வேண்டாம். அந்த வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கும். புளி அதைக் கரைத்துக்கொண்டு வரும். மலைப்பழம் வையுங்கள், தோலோடு. படம் வெளியே மட்டும் இருந்தால் பயம் குறைவு. 2014-ல் ஷாங்காய் செல்வந்தர் லியு யிச்சியன், வெளியே சேவலும் கோழியும் வரைந்த 15-ம் நூற்றாண்டுக் குட்டிக் கோப்பை ஒன்றை 28 கோடி ஹாங்காங் டாலருக்கு வாங்கி, அதிலேயே தேநீர் ஊற்றிக் குடித்தார். ஊரே திட்டியது. நான் திட்டவில்லை. அதைக் கழுவி வைத்தவரின் கை எப்படி நடுங்கியிருக்கும் என்பதுதான் என் கவலை.