கிளியும் டாக்டரும்

கேள்வி: குற்றம் செய்த மனநோயாளியை வெளியே விட்டால் மறுபடியும் யாரையாவது தாக்குவாரா என்று டாக்டரால் சொல்ல முடியுமா? இல்லை, அதுவும் கிளி ஜோசியம்தானா?

பதில்: கிளியை மட்டமாகப் பேசாதீர்கள். அது சீட்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தானே கூண்டுக்குள் போய்விடும். அந்தக் காலத்து டாக்டர்கள் சீட்டு எடுத்தால் கூண்டுக்குள் போனது எதிரில் இருந்தவர்!

நியூயார்க்கில் ஜானி பாக்ஸ்ட்ராம் என்ற கைதிக்குத் தண்டனைக் காலம் முடிந்தது. ஆனாலும் பைத்தியம் என்று பூட்டியே வைத்திருந்தார்கள். 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது தப்பு என்றது. அவரைப் போல 'ஆபத்தானவர்கள்' என்று முத்திரை குத்தப்பட்டிருந்த 967 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. அங்கே ஊழியர்களுக்கு ஒரே கிலி. நாலு வருஷத்தில் பலத்த காவலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 26.

சூடு பட்ட பிறகு டாக்டர்கள் கொஞ்சம் அடங்கினார்கள். இப்போது பல நாடுகளில் புழங்கும் எச்.சி.ஆர்-20 என்ற படிவத்தில் 20 அம்சங்கள். பழைய அடிதடி, போதைப் பழக்கம் போன்ற 10 அம்சங்கள் கடந்த காலம். அழித்து எழுத முடியாது. மிச்சம் பத்தில்தான் வைத்தியத்துக்கு வேலை: தன் நோய் தனக்குப் புரிகிறதா, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, வெளியே போனால் தங்க இடமும் விசாரிக்க ஆளும் உண்டா?

கடைசியில் ஆபத்து 'குறைவு', 'நடுத்தரம்', 'அதிகம்' என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். நிலைமை மாறினால் அதையும் திருத்தி எழுத வேண்டும். கிளிக்கு அந்தத் தொல்லை கிடையாது.