கைக்கு எட்டியது கண்ணுக்கு எட்டவில்லை

மெண்டலீவுக்கும் அடக்கத்துக்கும் ஜாதகப் பொருத்தம் கிடையாது. 1869-இல் தனிமங்களுக்கு அட்டவணை போட்டவர் ஆள் இல்லாத கட்டங்களைக் காலியாக விட்டார். அதோடு நிற்காமல், வரப்போகிறவர்களின் எடை இவ்வளவு, குணம் இப்படி என்று கொஞ்ச நாளில் எழுதியும் வைத்தார். எரிச்சல் என்னவென்றால், அவர்கள் சொன்னபடியே வந்தும் தொலைத்தார்கள். 1875-இல் பிரான்சில் காலியம், 1879-இல் ஸ்வீடனில் ஸ்காண்டியம், 1886-இல் ஜெர்மனியில் ஜெர்மானியம். கண்டுபிடித்த கையோடு தனிமத்தின் தலையில் சொந்த நாட்டுக் கொடியை நட்டுவிடும் வழக்கமும் அப்போதே வந்துவிட்டது.

மாங்கனீசுக்கு நேர் கீழே இருந்த ஒரு கட்டம் மட்டும் மசியவில்லை. எடை ஏறத்தாழ நூறு இருக்கும் என்று சொல்லி, ‘ஏக-மாங்கனீசு’ என்று தற்காலிகப் பெயரும் சூட்டிவிட்டு மெண்டலீவ் நகர்ந்துவிட்டார். இன்றைய கணக்கில் அது 43-ஆம் எண். அந்தக் கட்டத்தின் வரலாறு, தன் கையில் இருப்பது இன்னதென்று தெரியாமல் பெயர் சூட்டு விழாவுக்கு ஓடியவர்களின் வரலாறு.

முதலில் ஓடியவர் ரஷ்யாவின் செர்கே கெர்ன். 1877-இல் பிளாட்டினத் தாதுவிலிருந்து ‘டேவியம்’ எடுத்ததாக அறிவித்தார். கிளறிப் பார்த்தால் இரிடியம், ரோடியம், இரும்பு மூன்றும் சேர்ந்த கதம்பம். 1896-இல் பிரான்சிலிருந்து ‘லூசியம்’ வந்தது. அது ஏற்கெனவே வேறு கட்டத்தில் குடியிருந்த இட்ரியம்தான்.

மூன்றாவது ஆள் மீது எனக்கு உண்மையிலேயே பரிதாபம் உண்டு. ஜப்பானின் மசதாகா ஒகாவா, லண்டனில் வில்லியம் ராம்சேயிடம் வேலை பார்க்கப் போனவர். ராம்சே அவரிடம் ஆராயக் கொடுத்தது தோரியனைட் என்ற தாது. அது இலங்கை மண்ணில் கிடைத்தது. 1904-இல் அதைக் கண்டெடுத்தவர் அங்கே கனிம ஆய்வுப் பணிக்குத் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி. அவரேதான்! சர் முத்து குமாரசுவாமியின் மகன், பிற்காலத்தில் நடராஜர் திருவுருவத்துக்கு மேற்குலகத்தைக் கண்திறக்க வைத்தவர். தான் எடுத்தது யுரேனினைட் என்றுதான் அவர் நினைத்தார். இது புதிய கனிமம் என்று லண்டனில் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் சொல்லவேண்டியிருந்தது. ஆக, கையில் இருப்பது தெரியாதவர்கள் சங்கத்தில் நம்மவர் ஒருவருக்கும் உறுப்பினர் அட்டை உண்டு.

ஒகாவா அந்தத் தாதுவிலிருந்து புதுத் தனிமத்தின் தடயத்தைப் பிடித்தார். 1908-இல் 43-ஆம் கட்டத்தில் உட்கார வைத்து ‘நிப்போனியம்’ என்று பெயரும் வைத்தார். வேறு யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. பெயர் காற்றில் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து ஜப்பானிய வேதியியலாளர்கள் அவருடைய பழைய ஆவணங்களைப் புரட்டியபோது விஷயம் வெளிவந்தது. அவர் கையில் புதுத் தனிமம் இருந்தது உண்மை. ஆனால் அது 43 அல்ல, அதற்கு ஒரு மாடி கீழே இருக்கும் 75. எடைக் கணக்கில் சறுக்கியதால், அன்று உலகில் யாருக்கும் தெரியாத ஒரு தனிமத்தைப் பிடித்து, அதைத் தவறான கட்டத்தில் உட்கார வைத்துப் பறிகொடுத்தார்.

அந்த 75-ஐ 1925-இல் ஜெர்மனியில் மூவர் பிடித்தார்கள்: வால்டர் நோடாக், இடா டாக்கே, ஓட்டோ பெர்க். (வால்டரும் இடாவும் அடுத்த வருடமே கல்யாணம் செய்துகொண்டார்கள்.) ரைன் நதியின் நினைவாக ‘ரீனியம்’ என்றார்கள். 1928-இல் 660 கிலோ மாலிப்டினைட்டை அரைத்துக் கரைத்து ஒரு கிராம் ரீனியத்தை உலகத்தின் முன் வைத்தார்கள். மறுபேச்சு இல்லை. ஆனால் 1925 அறிவிப்பிலேயே இலவச இணைப்பாக 43-உம் எங்களுடையதே என்று எழுதிவிட்டதுதான் வினை. பெயர் ‘மசூரியம்’. மசூரியா அன்றைய கிழக்கு பிரஷ்யாவில் இருந்தது, நோடாக் குடும்பத்தின் பூர்வீகம். முதல் உலகப்போரில் ரஷ்யர்களை ஜெர்மானியர்கள் அடித்து விரட்டிய இடமும் அதுவே. வேதியியல் ஆய்விதழில் வெற்றிவிழா கொண்டாடுகிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஒரு கிராம் மசூரியம் வேண்டாம், ஒரு துணுக்காவது காட்டுங்கள் என்றதற்குப் பதில் இல்லை.

இதில் இடாவுக்கு விதி செய்தது தனி அக்கிரமம். 1934-இல் ரோமில் என்ரிக்கோ ஃபெர்மி யுரேனியத்தை நியூட்ரானால் அடித்து, யுரேனியத்தைத் தாண்டிய புதுத் தனிமங்களை உண்டாக்கிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தார். அணுக்கரு பெரிய பெரிய துண்டுகளாக உடைந்திருக்கலாமே, அதைச் சோதித்தீர்களா என்று இடா எழுதினார். மசூரியப் புகழ் பெற்ற அம்மையார் சொன்னால் யார் கேட்பது? நான்கு வருடம் கழித்து அணுக்கரு உடைவது நிரூபணமாயிற்று. அப்படி உடையும் ஒவ்வொரு நூறு யுரேனியம்-235 அணுக்கருவிலும் சுமார் ஆறு, கடைசியில் 43-ஆம் தனிமத்தில் வந்து நிற்கிறது. மசூரியத்தை நிரூபிக்க முடியாமல் தவித்த பெண், 43-ஐ வண்டி வண்டியாக உற்பத்தி செய்யும் வழியைத் தன் கட்டுரையிலேயே எழுதி வைத்திருந்தார். ஆனால் அவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

உண்மையில் அந்தக் கட்டத்துக்கு ஏன் ஆள் வரவில்லை? அதே 1934-இல் ஜோசப் மட்டாவ் ஒரு விதி சொன்னார்: அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தனிமங்கள் ஒரே நிறை எண்ணில் இரண்டுமே நிலையாக இருக்க முடியாது. 43-க்கு இந்தப்பக்கம் மாலிப்டினம், அந்தப்பக்கம் ருத்தேனியம். இரண்டுமே ஐசோடோப்பு விஷயத்தில் பெரிய குடும்பஸ்தர்கள். 94 முதல் 102 வரை உள்ள எல்லா நிறை எண்களிலும் இவர்களில் ஒருவராவது, கோயம்பேட்டில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவது போல, முன்னாலேயே இடம் பிடித்துவிட்டார்கள். நடுவில் வந்த 43-க்கு நிலையான ஐசோடோப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அதிலேயே ஆயுள் கெட்டியானவை 97-உம் 98-உம், அரை ஆயுள் ஏறத்தாழ 42 லட்சம் வருடம். பூமிக்கு வயது 450 கோடி. பிறந்தபோது இங்கே இருந்ததெல்லாம் எப்போதோ சிதைந்து காணாமல் போயிற்று. ஆக, அறுபது வருடமாக வேதியியலாளர்கள் மலை மலையாகத் தாதுவை அரைத்தது, வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த கதை.

அது கடைசியில் கிடைத்தது காயலான் கடைச் சரக்கில். ஃபெர்மியின் குழுவில் இருந்த எமிலியோ செக்ரே, சிசிலித் தீவில் பாலெர்மோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். ஆய்வுக்கருவி என்று சொல்லிக்கொள்ள அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. 1936 கோடையில் அமெரிக்காவின் பெர்க்லிக்குச் சென்று எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரான் என்ற துகள்முடுக்கியைப் பார்த்தவர், கழற்றிப் போட்ட உலோகத் துண்டுகள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். லாரன்ஸுக்கு என்ன நஷ்டம்? அள்ளிக்கொண்டு போங்கள் என்றார். 1937 தொடக்கத்தில் இன்னொரு மாலிப்டினத் தகட்டையும் தபாலில் அனுப்பிவைத்தார். கதிரியக்கச் சரக்கு தபால்காரர் பையில் கடல் தாண்டிப் போன நிம்மதியான காலம் அது.

மாதக்கணக்கில் டியூட்ரான்களிடம் அடி வாங்கிய தகடு அது. மாலிப்டினம் 42. ஒரு புரோட்டான் கூடினால் 43. கணக்கு ஒன்றாம் வகுப்புக் கூட்டல்தான். ஆனால் தகட்டைக் கழற்றிப் போட்ட பெர்க்லியில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. செக்ரேயும் கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெர்ரியேவும் கண்ணுக்கே தெரியாத அளவை வைத்துக்கொண்டு, இது மாலிப்டினமும் இல்லை, வேறு தெரிந்த எதுவும் இல்லை, ரீனியத்தின் சாயல் இருக்கிறது என்று படிப்படியாக நிறுவினார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிக் கண்டறிந்த முதல் தனிமம் ஓர் உடைசலில் இருந்தது.

பாலெர்மோவின் லத்தீன் பெயரை ஒட்டி ‘பனோர்மியம்’ என்று வையுங்களேன் என்று பல்கலைக்கழகம் கேட்டது. இருவரும் பிடிகொடுக்கவில்லை. செக்ரே ஜெர்மனிக்குப் போய், மசூரியத்தின் எக்ஸ்-கதிர்ப் படத்தகடுகளைப் பார்க்கலாமா என்று நோடாக்கிடம் கேட்டார். அவை உடைந்துபோயின என்று பதில் வந்ததாக செக்ரே எழுதியிருக்கிறார். நல்ல சமயம் பார்த்து உடைந்த தகடுகள்.

1938-இல் செக்ரே மறுபடி பெர்க்லியில் இருந்தபோது முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான சட்டம் போட்டது. செக்ரே யூதர், பாலெர்மோ வேலை போயிற்று. அவர் திரும்பிப் போக வழியில்லை என்று தெரிந்துகொண்ட லாரன்ஸ், மாதம் 300 டாலர் சம்பளத்தை 116 டாலராகக் குறைத்தார். குப்பையை இலவசமாகக் கொடுத்த வள்ளலின் மறுபக்கம். அந்தக் குறைந்த சம்பளத்திலும் செக்ரே, கிளென் சீபோர்கோடு சேர்ந்து 43-இன் இன்னோர் ஐசோடோப்பைப் பிடித்தார்: 99எம். 1947-இல் ஒருவழியாக முறைப்படி ‘டெக்னீசியம்’ என்ற பெயரும் வந்தது. ‘செயற்கையானது’ என்று அர்த்தம். ஊர் இல்லை, நதி இல்லை, போர்க்களம் இல்லை. 1952-இல் வானியலாளர் பால் மெரில் சில செந்நிற நட்சத்திரங்களின் ஒளியில் அதே டெக்னீசியத்தைக் கண்டார். இவ்வளவு சீக்கிரம் சிதையும் சரக்கு அங்கே இருக்கிறது என்றால் நட்சத்திரம் அதை உள்ளேயே சமைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். ‘செயற்கையானது’ என்ற பெயர் ஐந்தே வருடத்தில் சாயம் வெளுத்தது.

99எம் விஷயத்துக்கு வருவோம். அரை ஆயுள் 6 மணி நேரம். சிதையும்போது 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் காமா கதிர் ஒன்றை விடும். உடம்புக்கு வெளியே இருக்கும் கேமரா பிடிக்கத் தோதான அளவு. 1950-களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் வேறு எதையோ சுத்தம் செய்யப்போய், போகாத அழுக்காக இதைக் கண்டார்கள். மாலிப்டினம்-99 சிதைந்து இது ஊறிக்கொண்டே இருந்தது. காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போனது. இந்தச் சரக்குக்குப் பெரிய சந்தை இருப்பதாகத் தெரியவில்லை என்று அணுசக்தி ஆணையத்தின் காப்புரிமைப் பிரிவு கைவிரித்தது. இன்று உலகில் ஆண்டுக்குக் கோடிக்கணக்கான இதய, எலும்பு, தைராய்டு ஸ்கேன்கள் இதை வைத்துத்தான் நடக்கின்றன. கைவிரித்து மூன்றே வருடத்தில் அந்த ஆணையத்துக்குத் தலைவராக வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? 99எம்-ஐக் கண்டுபிடித்த அதே சீபோர்க்.

ஆஸ்பத்திரிகளில் இதைத் தயாரிக்கும் கருவியை வேலை செய்பவர்கள் ‘மாடு’ என்றே சொல்கிறார்கள், உப்புநீர் விட்டு எடுப்பதைக் ‘கறப்பது’ என்கிறார்கள். மாட்டுக்குள் இருக்கும் மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம். வாரம் ஒன்றானால் மாடு வற்றிவிடும். இந்த உலக வியாபாரத்தின் பெரும்பங்கைக் கனடாவிலும் நெதர்லாந்திலும் இருந்த இரண்டு கிழ அணு உலைகள் சுமந்துகொண்டிருந்தன. 2009-லும் 2010-லும் அவை பழுதுபார்ப்புக்கு மூடப்பட்டபோது, பல நாட்டு மருத்துவமனைகளில் ஸ்கேன் தேதிகள் தள்ளிப்போயின.

கதிர் விட்டு முடித்த 99எம் என்ன ஆகிறது? வெறும் டெக்னீசியம்-99 ஆகிறது. அதன் அரை ஆயுள் 2,11,000 வருடம். நோயாளியின் உடம்பிலிருந்து போவது துளியிலும் துளி. அணு உலைக் கழிவில் வருவதுதான் மூட்டை மூட்டையாக வருகிறது. நீரில் தாராளமாகக் கரையும். இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு ஆலை 1990-களில் அதை ஐரிஷ் கடலில் தாராளமாக விட்டது; நீரோட்டம் நார்வே வரை கொண்டுபோனது; நார்வே சண்டைக்கு வந்தது. கடைசியில் 2004-இல்தான் கழிவிலிருந்தே அதைப் பிரித்தெடுக்கும் முறையை ஆலை கையாண்டது. அதற்குள் ஐரிஷ் கடலின் சிங்கி இறால்கள், பேராசிரியர்கள் மலையை அரைத்தும் எடுக்க முடியாத 43-ஐக் கடல் தண்ணீரிலிருந்து வடித்துத் தங்கள் உடம்பில் சேர்த்துவைத்திருந்தன. பெயர் சூட்டு விழா எதுவும் வைக்காமல்.