யூசுபோவ் என்ன குடி?

கேள்வி: யூசுபோவ் என்று ரஷ்யாவில் ஒரு குடும்பப் பெயராமே! நம்ம யூசுபுக்குச் சொந்தமா? (சாய்ந்தமருது வாசகர்)

சொந்தம்தான். 16ஆம் நூற்றாண்டில் நோகாய் முஸ்லிம்களை ஆண்ட யூசுபின் வாரிசுகள். அவர் வழிவந்த அப்துல் முர்சா 17ஆம் நூற்றாண்டில் ஞானஸ்நானம் பெற்றார். மார்க்கம் போனது, யூசுப் போகவில்லை.

கேள்வி: ஜார் அரண்மனைச் சாமியார் ரஸ்புடினைக் கொன்ற யூசுபோவ்? (நிந்தவூர் வாசகர்)

அதே வீட்டுப் பிள்ளை, இளவரசர் பெலிக்ஸ். 1916 டிசம்பரில், தன் மாளிகையில் வைத்தே. எனக்கு அவரை விட அவர் உம்மா ஸினைதாதான் முக்கியம். குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லை. பெயர் அழியக் கூடாதென்று ஜார் மன்னரே ஸினைதாவின் கணவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார்.

கேள்வி: பெண் வீட்டுப் பெயரா? மாப்பிள்ளைக்கு மானக்கேடில்லையா? (மருதமுனை வாசகர்)

நீங்கள் கல்யாணம் முடித்துப் போய் இருப்பது யார் வீட்டில், தம்பி? சீதன வீடு மகளுக்கு. குடி என்ற வம்சப் பிரிவும் உம்மா வழியில். உம்மா என்ன குடியோ பிள்ளையும் அதே குடி. ஜார் மன்னர் உத்தரவு போட்டுச் செய்ததை நம்ம மூத்தம்மாமார் உத்தரவில்லாமலே நடத்தினார்கள்.

கேள்வி: குடி சோறு போடுமா? (அக்கரைப்பற்று வாசகர்)

பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் இருந்தார். ஒரே குடிக்குள் கல்யாணம் கூடாது என்ற கட்டும் இருந்தது. உங்கள் ஊரில் வந்து தங்கி இதையெல்லாம் எழுதியவர் அமெரிக்கர் டெனிஸ் மெக்கில்வ்ரே. புத்தகம் 2008இல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நாம், இன்னும் எழுதவில்லை!

கேள்வி: ரஷ்யக் கவிஞர் அக்மதோவா? (கல்முனை வாசகி)

வாப்பா பெயர் கொரென்கோ. ‘கவிதை எழுதி என் பெயரைக் கெடுக்காதே’ என்றார் அவர். மகள் உம்மா வழித் தாத்தாரியப் பெயரை எடுத்துக்கொண்டார். கொரென்கோவை இன்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: நம்ம கிழக்கிலங்கைக் கரையில் பெயர்பெற்ற குடும்பப் பெயர்? (சம்மாந்துறை வாசகர்)

காரியப்பர். கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பர் 1947இல் கல்முனை எம்.பி.; 1956இல் தமிழரசுக் கட்சியில் வென்று, பிறகு ஆளும் பக்கம் தாவினார். 1965ஆம் ஆண்டின் குடியியல் உரிமைத் தடைச் சட்டம் ஆசனத்தைப் பறித்தது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார். ‘காரியப்பர் எதிர் விஜேசிங்க’ வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

கேள்வி: என் குடி எனக்கே தெரியாதே? (நற்பிட்டிமுனை வாசகி)

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தேடாதீர்கள், மகள். மூத்தம்மா இருக்கும்போதே கேட்டு, கொப்பியில் எழுதி வையுங்கள்.